முதலில் பேட்டரி இரண்டையும் கழற்றவும்

மெக்கானிக் இரண்டாம் முறையாகத் தன் மனைவியைக் கொன்றார். பதற வேண்டாம், பயிற்சி அறையில்தான். ஆனாலும் கொலை கொலைதானே. அதைக் கண்ணால் பார்த்த சாட்சியாக அவர் மனைவியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி அது. ஜன்னலோரமாக ஒரு மேசை, மேசைமேல் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டியில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். அதற்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பம்ப் சுழன்றுகொண்டிருக்கும். அதே மாதிரிப் பம்ப் ஒன்றைத்தான் நான்கு வாரங்களுக்கு முன்னால் அவர் மனைவியின் இதயத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். வயிற்றிலிருந்து பென்சில் தடிமனில் ஓர் ஒயர் வெளியே வந்து, இடுப்பில் மாட்டுகிற ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் இரண்டு பேட்டரிகளுக்குப் போகும். சார்ஜ் இறங்க இறங்க பேட்டரியை மாற்ற வேண்டும். முதலில் ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் மற்றதைத் தொட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. இதில் ஃபெயிலாவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

அந்தத் திறமை மெக்கானிக்குக்கு இருந்தது. "ஆரம்பிங்க" என்று சிஸ்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று என்று இரண்டு பேட்டரிகளையும் ஒரே நொடியில் பிடுங்கி மேசைமேல் அழகாக அடுக்கி வைத்தார். பயிற்சிப் பெட்டி வீலென்று கத்தியது. தொட்டிக்குள் சுழன்ற சிவப்புத் தண்ணீர் மெல்ல ஓய்ந்து நின்றுவிட்டது.

சிஸ்டர் மிகவும் பொறுமைசாலி. ஆனால் அவருடைய பொறுமையும் அன்றைக்குக் கடைசிப் படியில் நின்றது. "ஐயா, நிஜப் பெட்டிக்குள்ள சின்னதா ஒரு ரிசர்வ் இருக்கும். கொஞ்ச நிமிஷம் தாங்கும். ஆனா அத நம்பி அம்மாவ நான் உங்ககூட அனுப்ப முடியாது" என்றார். "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ பாப்போம். அன்னிக்கும் இப்படித்தான்னா அம்மா பொண்ணு வீட்டுக்குத்தான் போகணும்."

பெண் வேறு ஊரில், எட்டாவது மாடியில் இருந்தாள். இதே பரீட்சையை முதல் தடவையே, ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டே பாஸ் செய்தவள். தங்கமான பெண், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "அப்பா, நீங்களும் எங்ககூடவே வந்துடுங்க, இதுல என்ன இருக்கு?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: 'தனியாக உடனிருக்கத் தகுதியானவர்.' அதற்கு எதிரே மகளின் பெயர் இருந்தது, மருமகனின் பெயர்கூட இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் கூடவே இருந்தவரின் இடம் காலியாகக் கிடந்தது. இந்தப் பெண்மணியை இந்த ஆளோடு தனியே விடக்கூடாது என்று வாயால் யாரும் சொல்லவில்லை, காகிதம் சொன்னது. அவருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவர் மனைவியின் விஷயம் வேறு. அவருக்குத் தன் வீட்டு ஜன்னல் வேண்டும். "இவ்வளவு அறுத்துத் தச்சது எட்டாவது மாடியில உக்காந்து லிஃப்ட் மேல வர்றதையும் கீழ போறதையும் பாக்கறதுக்கா?" என்று கேட்டவர் அவர்.

இந்தக் கை ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பஸ்ஸுக்கு இரண்டு பேட்டரி. ஒவ்வொன்றும் பயணப் பெட்டி அளவு இருக்கும். டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், அவசரத்தில் அவற்றைக் கழற்றாமலே மெக்கானிக் உள்ளே கை விட்டார். ஸ்பேனர் குறுக்கே விழுந்து ஒட்டிக்கொண்டது. பொறி பறந்தது. இடது கையில் கட்டியிருந்த வாட்ச் பட்டை உருகித் தோலோடு போயிற்று. வளையல் போட்ட மாதிரி ஒரு தழும்பு அவர் மணிக்கட்டில் இன்றைக்கும் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த வண்டியாக இருந்தாலும் முதல் வேலை இரண்டு கையாலும் இரண்டு பேட்டரியையும் துண்டிப்பதுதான். பல் தேய்க்காமல் இருந்தாலும் இருப்பார், இதைச் செய்யாமல் இருக்கமாட்டார். மேஸ்திரி ஆனதும் எல்லோரையும் அப்படியே செய்யச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டலாம் என்று தோன்றியது.

டிப்போவுக்கு எதிரே மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. பன்னிரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, எந்த மிஷினில் எவன் தப்பு விரலை வைத்தான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லக்கூடிய டீச்சர் ஒருத்தர். மெக்கானிக் கையெழுத்தில் ஒரு தாளை நீட்டினார். அதில் இப்படி இருந்தது: 'பேட்டரி ரெண்டையும் கழட்டாம வண்டியில கைய வைக்கிறவன் கைய நானே ஒடிப்பேன்.'

டீச்சர் படித்தார். சிரிக்கவில்லை. "இத அப்படியே அடிக்க முடியாது" என்றார். தாளை மிஷினில் சொருகி, ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல் அடித்துக் கொடுத்தார்: 'முதலில் பேட்டரி இரண்டையும் கழற்றவும். பிறகே வேலையைத் தொடங்கவும்.'

இவ்வளவு மரியாதையான வாக்கியம் தன் வாழ்க்கையில் தனக்குச் சொந்தமாகும் என்று மெக்கானிக் நினைத்ததே இல்லை. மறுநாள் இன்னொரு பிரதி வேண்டும் என்று போனார். அதற்கு மறுநாளும் போனார். டிப்போவில் ஒட்டச் சுவர் தீர்ந்துபோனதும், வேறு வழியில்லாமல் டைப்ரைட்டிங் கிளாஸிலேயே சேர்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த மிஷினின் எழுத்தெல்லாம் கிரீஸ் ஆயிற்று. "சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க" என்று டீச்சர் தினமும் எழுப்பி விடுவார். மூன்று மாதத்தில் அவர் கற்றது முதல் பாடம் ஒன்றே ஒன்றுதான்: இடது கையின் நான்கு விரல்கள், சுண்டுவிரலில் ஆரம்பித்து வரிசையாக நான்கு எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று டீச்சர் மேசையில் தட்டித் தாளம் சொல்வார். இரண்டாம் பாடத்துக்குப் போவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

"ஒரு நோட்டீஸ் அடிச்சுக் கொடுத்தேன், ஆயுள் தண்டனை ஆயிடுச்சு" என்று டீச்சர் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மெக்கானிக் இன்றைக்கும் மனைவியை 'டீச்சர்' என்றேதான் கூப்பிடுகிறார்.

கல்யாணமான மறுவாரமே ஒரு வழக்கம் வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது வலது கையில் சாப்பாட்டுக் கேரியர், இடது கையில் டீச்சரின் மணிக்கட்டு. வாசற்படியில் நின்று, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிஷம் முழுதாக நாடியை எண்ணுவார். "எழுபத்திரெண்டு. ஐடிலிங் பிரமாதம்" என்பார். நிற்கிற வண்டியில் எஞ்சின் மட்டும் நிதானமாக ஓடுவதற்கு டிப்போவில் அப்படித்தான் பெயர். "போதும், போங்க, பஸ் காத்துட்டிருக்கு" என்று டீச்சர் கையை உதறுவார். சண்டை போட்ட நாட்களிலும் இது நிற்காது. டீச்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். மகள் பிறப்பதற்கு முந்தின நாள் நூற்றுப்பத்து இருந்தது. ரிட்டயரான பிறகு பேப்பர் வாங்கத் தெருமுனைக்குப் போவதற்குக்கூட இந்த எண்ணிக்கை உண்டு. அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கு என்ன நஷ்டம்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு வந்தது, இன்னொன்று வந்தது, அடுத்தது வரவில்லை.

"டீச்சர், மிஸ்ஸிங் அடிக்குது."

"வயசான மிஷின் ஒண்ணு ரெண்டு எழுத்து விடத்தான் செய்யும். போய்ட்டு வாங்க."

எழுத்துகள் அப்புறம் நிறைய விட்டுப்போயின. படி ஏற முடியவில்லை, கால் வீங்கியது, மூன்று தலையணை அடுக்கினால்தான் படுக்க முடிந்தது. மாற்று இதயம் வைக்க வயதும் சிறுநீரகமும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் இந்தப் பம்ப்தான் வழி என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். டீச்சர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். மெக்கானிக் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்றுமில்லை. விரலை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது. அவர் போட்ட கூச்சலில் மூன்று நர்ஸுகள் ஓடிவந்தார்கள். ஓர் இளம் டாக்டர் வந்து நிதானமாக விளக்கினார். இந்தப் பம்ப் துடிக்காது ஐயா, குழாயில் தண்ணீர் வருவதைப்போல ரத்தத்தை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் பெரும்பாலும் நாடி கைக்குத் தட்டுப்படாது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். புரிந்தது. எஞ்சினைப் பற்றி அவருக்கா புரியாது? ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த மணிக்கட்டைத் தொடவே இல்லை. தலை வாரினார், சோறு ஊட்டினார், வயிற்றில் ஒயர் வருகிற இடத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டார். எழுப்பி உட்காரவைக்கும்போது முழங்கையைப் பிடித்தார், தோளைப் பிடித்தார். டீச்சர் இதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். யாரிடம் பலிக்கும் இது? பன்னிரண்டு மிஷினில் எந்த விரல் எங்கே போகிறது என்று முதுகால் பார்க்கிறவரிடம்.

இரண்டாவது கொலை நடந்த அன்று மத்தியானம், சிஸ்டர் ஒரு பயிற்சிப் பெட்டியை வார்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். டீச்சர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இன்ஸ்டிடியூட்டில் இருந்த அதே முகத்தோடு, "ம், ஆரம்பிங்க" என்றார்.

இருபது தடவை செய்தார். யோசித்துச் செய்தபோதெல்லாம் சரியாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இருமினால், கதவு தட்டப்பட்டால், டீச்சர் வேண்டுமென்றே "சீக்கிரம்" என்றால், அவ்வளவுதான், இரண்டு கையும் ஒன்றாகப் பாய்ந்தன. இருபதில் ஒன்பது கொலை.

"மூளை பாஸ். கைதான் ஃபெயில்" என்றார் டீச்சர்.

"இதுக்கு யார் காரணம்? நீ அடிச்ச நோட்டீஸ். முப்பது வருஷமா அதுதான் டிப்போ சுவத்துல இருந்துச்சு."

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்தால் தையல் வலிக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சரி. நான் அடிச்சத நானே திருத்தறேன். எந்தக் கை முதல்ல கெடுக்குது?"

"இடது."

"கிளாஸ்ல ஒரு கை வந்து இன்னொரு கையோட எழுத்துல மேஞ்சா நான் என்ன பண்ணுவேன், ஞாபகம் இருக்கா? அடிக்கமாட்டேன். அடிச்சா அது இன்னும் பயந்துபோய்த் தப்புப் பண்ணும். சாக்பீஸ் ஒண்ணக் குடுத்துப் பிடிச்சிக்கன்னு சொல்வேன். தப்புப் பண்ற கைக்கு வேற வேல குடுக்கணும்." தன் இடது கையை உள்ளங்கை மேலாகத் திருப்பிப் போர்வைமேல் நீட்டினார். "இதப் பிடிங்க."

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார்.

"பிடிங்கன்னு சொல்றேன்ல. நாலு வாரமா நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

பிடித்தார். மெலிந்துபோய்விட்டது. கதகதப்பாக இருந்தது. மூன்று விரலும் தாமாகவே பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்து காத்திருந்தன. ஒன்றும் வரவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணுமே இல்ல, டீச்சர். பிடிச்சா நீ இல்லாத மாதிரி இருக்கு. என்னால முடியல."

டீச்சர் சொன்னார்: "எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நெனக்கிறீங்க? முப்பத்தி நாலு வருஷம் தெனமும் பிடிச்ச கைய விட்டுட்டீங்க. ஒருவேள நான் செத்துத்தான் போய்ட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

மெக்கானிக்குக்குத் தன்மேலேயே அசாத்தியக் கோபம் வந்தது. மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வலது கையைப் பெட்டியில் வைத்தார்.

ஒற்றைக் கையால் செய்வது லேசில்லை. டீச்சர் தன் வலது கையால் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொள்வார். மெக்கானிக் கட்டைவிரலால் கொக்கியை அழுத்திப் பழைய பேட்டரியை இழுப்பார், புதியதைச் சொருகுவார். க்ளிக். பச்சை. அப்புறம் அடுத்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் முப்பது தடவை ஆயிற்று. ஒரு கொலைகூட இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் பாவம், உதவியாக இருக்கட்டும் என்று இருமிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை பயிற்சி அறையில் சிஸ்டர் படிவத்தோடு தயாராக இருந்தார். கதவருகே மகள், எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவின் துணிகளை அடுக்கிய பெட்டியோடு நின்றாள். மெக்கானிக் அந்தப் பெட்டியைப் பார்க்காமலே போய் உட்கார்ந்து, டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தார். டீச்சர் மற்ற கையைப் பயிற்சிப் பெட்டிப் பக்கம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் சிஸ்டர். "கையப் பிடிச்சிக்கிறது உங்க இஷ்டம், ஐயா. ஆனா அம்மா பெட்டியப் பிடிச்சுத் தரக் கூடாது. நாளைக்கு அவங்க மயங்கிக் கிடந்தா யார் பிடிப்பாங்க? நீங்க ஒருத்தரே பண்ணணும்."

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகள்தான் எப்போதும் அடிமடியில் கை வைக்கும். மெக்கானிக் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் சிஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். "மயங்கிட்டேன்" என்று அறிவித்துவிட்டு, கண்ணை மூடி, தலையை நாற்காலியின் முதுகில் சாய்த்து, உடம்பைத் தளரவிட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிஸ்டருக்கும் சிரிப்பு வந்தது.

மெக்கானிக்குக்கு வரவில்லை. அவர் பிடியில் இருந்த கை துணி மாதிரித் தொங்கியது. கண் மூடியிருந்தது. நாடி இல்லை. நடிப்பு என்று தெரியும், ஆனால் தெரிந்து என்ன செய்ய? என்றைக்காவது ஒருநாள் இதே மாதிரிதான் இருக்கப்போகிறது, அன்றைக்கும் இந்தக் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. இடது கை வெடுக்கென்று ஒருமுறை துள்ளியது, விட்டுவிட்டு ஓடிப்போய் அந்த இரண்டாவது பேட்டரியைப் பிடுங்கப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தார். விடக் கூடாது. இந்த ஒரு வேலைதான் உனக்கு, இதை மட்டும் விடாதே.

பெட்டியை மேசை விளிம்புக்கு இழுத்து வயிற்றோடு அணைத்து நிறுத்தினார். முழங்கையை மேசைமேல் ஊன்றி, கட்டைவிரலால் கொக்கியை அழுத்தினார். ஒரு பேட்டரி வந்தது. கீழே வைத்தார். புதியதைச் சொருகினார். சரியாக உட்காரவில்லை, திருப்பிச் சொருகினார். க்ளிக். விளக்கைப் பார்த்தார். அது எரிவதற்குள் முப்பத்து நான்கு வருஷம் போய்வந்தது. பச்சை. இரண்டாவதைத் தொட்டார். க்ளிக். பச்சை. தொட்டிக்குள் சிவப்புத் தண்ணீர் ஒரு நொடிகூட நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது.

சிஸ்டர் படிவத்தில் காலியாக இருந்த இடத்தில் அவர் பெயரை எழுதினார்.

"டீச்சர், எந்திரி. போதும்" என்றார் மெக்கானிக்.

டீச்சர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "பாஸா?"

"பாஸ்."

"கைய விடுங்க, வலிக்குது" என்றார் டீச்சர். அவர் விடவில்லை.

மகள் அன்றைக்கே துணிப்பெட்டியைக் கொண்டுவந்து பழைய வீட்டு அலமாரியில் துணிகளைத் திருப்பி அடுக்கினாள். இரண்டு நாள் கூட இருந்துவிட்டு, போகும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும். டிப்போ இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் கண்ணாடிக் கடை இருக்கிறது. டீச்சர் தோளில் இரண்டு பேட்டரிகளை மாட்டிக்கொண்டு அந்த ஜன்னலோரம் மகாராணியாக உட்கார்ந்தார்.

மகள் போன மறுநாள் காலை மெக்கானிக் பேப்பர் வாங்கக் கிளம்பினார். டீச்சர் நடந்து வாசல்வரை வந்தார், நின்றார், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

மெக்கானிக் பிடித்தார். பழக்கத்தில் சுவர்க்கடிகாரத்தையும் பார்த்துவிட்டார். பார்த்த பிறகுதான் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. முள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விட்டுவிடலாம் என்று விரலைத் தளர்த்தினார்.

அப்போது டீச்சரின் விரல்கள் வளைந்து வந்து, அவர் மணிக்கட்டில், அந்தத் தீத்தழும்பின்மேல் உட்கார்ந்தன. சுண்டுவிரலில் ஆரம்பித்து வரிசையாக நான்கு தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் சுண்டுவிரல். முதல் பாடம். அவர் கற்ற ஒரே பாடம். தாளம் தப்பாமல், எழுத்து ஒன்றுகூட விடாமல், டீச்சர் தட்டிக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக் எண்ணினார். கடிகாரம் தெளிவாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். ஒரு நிமிஷம் முழுதாக ஆயிற்று.

"எழுபத்திரெண்டு" என்றார். "ஐடிலிங் பிரமாதம்."

"போதும், போங்க" என்றார் டீச்சர். "பேப்பர் தீந்துடப்போகுது."